தொய்வு அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொய்வு அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மின் கோபுரங்களுக்கு நடுவே கம்பி விறைப்பாக நிற்காது. மையத்தில் கொஞ்சம் தொங்கும். அந்தத் தொங்கலுக்குப் பெயர் தொய்வு. அது எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பது அவருடைய வேலை. மற்றபடி அவரிடம் தொய்வு என்று எதையும் நான் கண்டதில்லை. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். தோளில் எப்போதும் அளவைக் கருவிக்கான முக்காலி. நடை, ஓட்டத்தில் பாதி. கூடப் போகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவரிடம் தோற்றவன் என்பதுதான். நான் அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். புதிய மின்பாதைகளுக்குத் திட்டம் போடுவது என் வேலை. கடைசியாக நான் போட்ட பெரிய திட்டத்தை அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உடைத்துப் போட்டார். இன்றைக்கு வரை அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்தின் மேற்கில் ஒரு மலைத்தொடர். அதன் முதுகில் வரிசையாகக் காற்றாலைகள். பத்து வருடத்துக்குள் நூற்றுப் பத்து முளைத்துவிட்டன. அங்கே விளையும் மின்சாரம் நகரத்துக்கு வர ஒரே ஒரு பழைய லைன்தான் இருந்தது. நாற்பத்தாறு வயதான லைன். முன்னூற்றுப் பத்தொன்பது கோபுரங்கள். ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் நடுவில் உள்ள நீளத்தை நாங்கள் ஸ்பான் என்போம். அப்படி முன்னூற்றுப் பதினெட்டு ஸ்பான்கள்.

கம்பியில் மின்சாரம் கூடினால் கம்பி சூடாகும். சூடானால் நீளும். நீண்டால் இன்னும் தாழ்வாகத் தொங்கும். தரைக்கும் கம்பிக்கும் ஆறரை மீட்டராவது இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் இந்த லைனில் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று என்றைக்கோ ஒரு வரம்பு எழுதி வைத்திருந்தார்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்த வரம்பு காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் போனை எடுத்துக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வார். காற்று வராவிட்டால் மலைமேல் இருப்பவர்கள் வருத்தப்படுவார்கள். வந்தால் நாங்கள் வருத்தப்படுவோம். அப்படி ஒரு விசித்திரமான பிழைப்பு.

இதற்கு நான் கண்ட தீர்வு, வேறு தடத்தில் புத்தம் புதிய லைன். ஆறு வருட வேலை. தடத்தில் நாற்பத்தொரு வீடுகள் வந்தன. அவற்றை எடுக்க வேண்டும் என்று கோப்பில் ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்த வீடுகளின் சுவரில் சிவப்பு பெயிண்டால் அடையாளம் போட்டு வரும்படி சர்வே பிரிவிலிருந்து தொய்வு அக்காவை அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். விரல் நகங்களில் சிவப்பு பெயிண்ட் அப்படியே இருந்தது.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்."

"மார்க்கிங் முடிஞ்சுதா மேடம்?"

"இருபத்தெட்டு வீடு முடிஞ்சுது. இருபத்தொம்பதாவது வீட்ல நிறுத்திட்டேன்."

"ஏன், நாய் இருந்துதா?"

"இல்ல சார். ஒரு கேள்வி இருந்துது."

அந்த வீட்டில் ஒரு தையல்காரப் பெண். ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சுவரில் பெயிண்ட் வைக்கப் போன அக்காவிடம், தூரத்தில் தெரிந்த பழைய கோபுரத்தைக் காட்டி, "அந்த லைன் செத்துடுச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அக்கா சொன்னதும், "அப்ப அதால இதுக்கு மேல முடியாதுன்னு யாரு பாத்துச் சொன்னாங்க?" என்று அடுத்த கேள்வி.

"எனக்குப் பதில் தெரியல சார்," என்றார் அக்கா. "அதான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க பாத்தீங்களா?"

"படத்தப் பாத்தேன்," என்றேன். பழைய லைனின் வரைபடங்கள் இரும்பு அலமாரியில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அதிலிருந்துதான் கணக்குப் போட்டிருந்தேன்.

"படத்துல இருக்கறது கட்டறதுக்கு முன்னாடி நினைச்சது சார். கட்டினது நிலத்துல இல்ல நிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. அந்த வரைபடங்களைப் பிரதி எடுத்ததே அவர்தானாம். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், படங்களை மெல்லிய தாளில் அச்சாக வரைந்து கொடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்திருக்கிறார். "மூலப் படத்துல ஓரமா பென்சில்ல நிறைய குறிப்பு இருந்துது. 'இங்கே பாறை, கோபுரம் மேலே தள்ளி வைக்கப்பட்டது', அந்த மாதிரி. பென்சில் எல்லாம் எடுக்க வேணாம், மையில இருக்கறத மட்டும் எடுன்னு சொன்னாங்க. விட்டுட்டேன். மூலம் அப்புறம் கரையான் அரிச்சுப் போச்சு. நீங்க வச்சிருக்கறது என்னோட பிரதி சார். அதுல பாதி உண்மைதான் இருக்கு."

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. "மேடம், உங்களப் பெயிண்ட் அடிக்கத்தான் அனுப்பினோம்," என்றேன். அவர் நகத்திலிருந்த பெயிண்டைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மீதி வீடுகளுக்கும் அடையாளம் போட்டு முடித்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் திரும்பும் வழியில் ஜீப்பைப் பழைய லைனுக்கு அடியில் நிறுத்தச் சொல்லி, ஒன்றோ இரண்டோ ஸ்பான்களை அளந்திருக்கிறார். இரண்டு வாரத்தில் பத்தொன்பது. அவற்றை எழுதிய பக்கங்களை என் மேசையில் வைத்தார். பத்தொன்பதில் பதினாறு ஸ்பான்களில் கம்பி, படம் சொன்னதைவிட நன்றாக உயரத்தில் இருந்தது.

நான் நம்பவில்லை. அளவையில் பிசகு இருக்கும் என்றேன். "அப்ப ஒரு நாள் வாங்க சார், நீங்களே அளந்து பாருங்க," என்றார். வீம்புக்காகத்தான் போனேன்.

எண்பத்தெட்டாவது ஸ்பான். இரண்டு பக்கமும் சோளம். காலை எட்டு மணிக்கு முக்காலியை நட்டு, கருவியை மேலே வைத்து, அதன் நீர்மட்டக் குமிழியை மையத்துக்குக் கொண்டு வந்தார். அவருடன் வரும் ஊழியர் ஆறடி மூன்று அங்குலம். நெட்டையர் என்று பெயர். அவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு நேர் கீழே நின்றார். எட்டு மீட்டர் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். உடனே அக்கா கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, இந்த நிமிடம் லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். வெயில், காற்று, நிழலில் வெப்பம், எல்லாம் எழுதினார். அளந்த நேரத்தில் கம்பி எவ்வளவு சூட்டில் இருந்தது என்று தெரிந்தால்தான், முழுச் சூட்டில் எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட முடியும்.

"முடிஞ்சுதா? கிளம்பலாமா?" என்றேன்.

"ரெண்டு மணி வரைக்கும் இருங்க சார். பாதிதான் முடிஞ்சிருக்கு."

ஜீப் நிழலில் ஆறு மணி நேரம். கொண்டு வந்த சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். அங்கேதான் அவர் சர்வேக்கு வந்த கதையைக் கேட்டேன். கம்ப்யூட்டர் வந்ததும் படம் பிரதி எடுக்கும் பிரிவை மூடிவிட்டார்கள். அங்கிருந்த ஏழு பெண்களில் ஆறு பேர் தபால் பிரிவுக்கும் ஸ்டோருக்கும் போனார்கள். இவர் மட்டும் சர்வே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அன்றைய சர்வே அதிகாரி கூப்பிட்டு, "டவருக்கு டவர் நடக்கணும். பொம்பளைங்களுக்கு அங்க ஒரு வசதியும் கிடையாது," என்றாராம். "வசதிய நான் பாத்துக்கறேன் சார். எனக்குக் கோணம் அளக்கத் தெரியுமான்னு கேளுங்க," என்றாராம் இவர். கேட்டிருக்கிறார். தெரிந்திருக்கிறது.

"அவரு என்ன சொன்னாரு?"

"'நாளைக்கு ஷூ போட்டுட்டு வாங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

மதியம் இரண்டு மணி. காற்று இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. "இப்ப நீங்க பாருங்க," என்று கருவியை என்னிடம் விட்டார். ஏழு மீட்டர் தொண்ணூற்றாறு. நான் மறுபடி பார்த்தேன். அதே கம்பி, அதே இடம், நாற்பத்தாறு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இருபது வருடமாகத் தாளில் எழுதி வந்த தொய்வை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு இறங்கியும் ஆறரைக்கு மேல் ஏகப்பட்ட இடம் மிச்சம் இருந்தது. என் கோப்பில் அந்த ஸ்பானுக்கு நேரே 'போதாது' என்று நான் எழுதியிருந்தேன்.

மறுநாள் அந்தப் பக்கங்களை நானே எடுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளரிடம் போனேன். அவரைப் பெரியவர் என்போம். பேச்சு குறைவு. பத்தொன்பது ஸ்பான்களையும் நிதானமாகப் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

"முழு லைனையும் அளக்க எத்தனை நாள்?"

"தொண்ணூறு நாள் சார்."

"புது லைன் கோப்பு அதுவரைக்கும் என் மேசைலயே இருக்கட்டும்," என்றார் பெரியவர், என்னைப் பார்க்காமல்.

அந்தத் தொண்ணூறு நாளில் அக்கா, நெட்டையர், ஜீப் ஓட்டுநர், மூவரும் நூறு கிலோமீட்டருக்கு மேல் லைனோடு லைனாகப் போனார்கள். ஒரு கோபுரத்தில் தேன்கூடு; அங்கே நெட்டையர் அளவுகோலைப் போட்டுவிட்டு ஓடிய வேகத்தை ஓட்டுநர் பல மாதம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் ஆறு குறுக்கே வந்தது. கருவியைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா இறங்கிவிட்டார். "நான் குள்ளம், கருவி நனைஞ்சிடும்னு நெட்டையர்கிட்ட குடுக்கலாம்தான். ஆனா அவருக்கு வழுக்கி விழுற பழக்கம் உண்டு," என்று பின்னால் எனக்கு விளக்கம் சொன்னார்.

எல்லாம் நல்ல செய்தியாக இல்லை. நூற்று நாற்பத்தேழாவது ஸ்பானில் அவர் கண்டதைக் கேட்டதும் நான் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வரைபடத்தில் அந்த இடம் சமவெளி. நிலத்தில் ஒரு மேடு இருந்தது. வீடு இடித்த செங்கல், உடைந்த ஓடு, மண் என்று லாரி லாரியாக யார் யாரோ வருடக்கணக்கில் கொட்டியிருக்கிறார்கள். நாலு மீட்டர் உயரம். கம்பி தாழவில்லை, தரை எழும்பிவிட்டது. ஒரு லைனில் எந்த ஸ்பான் மோசமோ அதுதான் முழு லைனுக்கும் வரம்பு. என்றோ யாரோ ஒரு முறை அந்த இடத்தை அளந்து பயந்து வரம்பை இன்னும் குறைத்திருக்கிறார்கள். காரணத்தை எழுதி வைக்கவில்லை. மலைமேல் நூற்றுப் பத்து காற்றாலைகளை அந்த ஒரு குப்பைமேடு பிடித்து வைத்திருந்தது.

அறிக்கை வந்தது. முன்னூற்றுப் பதினெட்டில் இருபத்தேழு ஸ்பான்கள்தான் போதாதவை. சில இடத்தில் மண்ணை வெட்டி எடுத்தால் போதும். சில இடத்தில் கம்பியை இழுத்து இறுக்க வேண்டும். பதினொரு கோபுரங்களுக்கு இடுப்பில் ஒரு துண்டு சேர்த்து உயர்த்த வேண்டும். அதைச் செய்துவிட்டால் அதே லைனில் ஒன்றரை மடங்கு அனுப்பலாம். ஆறு வருடம் வேண்டாம், இருபத்தொரு நாள் லைனை நிறுத்தினால் போதும்.

அந்த அறிக்கையில் ஒரு வரி எனக்குப் பிடித்தது. காற்று அடிக்கும்போதுதான் காற்றாலை ஓடும். அதே காற்று கம்பியையும் ஆற்றும். ஆகவே வரம்பை இன்னும் ஏற்றலாமே என்று நான் அவரிடம் உற்சாகமாகச் சொல்லியிருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "எல்லா எடத்துலயும் அந்தக் காத்து வராது சார். மலை மறைக்கற எடத்துல இலை கூட அசையாது, நான் நின்னு பாத்திருக்கேன். அத நம்பி எழுத வேணாம்." எழுதவில்லை. 'காற்றின் உதவி கணக்கில் சேர்க்கப்படவில்லை' என்று மட்டும் ஒரு வரி.

பெரியவர் கையெழுத்துப் போட்டார். என் கோப்பு அலமாரிக்குப் போனது. நாற்பத்தொரு வீடுகளுக்கும் ரத்துக் கடிதம் தபாலில் போனது. அக்காவுக்கு அது போதவில்லை. ஒரு டப்பா சுண்ணாம்பும் மட்டையும் எடுத்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்த் தான் போட்ட சிவப்பை மறைத்துவிட்டு வந்தார். தையல்காரப் பெண் வீட்டில் மட்டும் சுண்ணாம்புக்கு வேலை இருக்கவில்லையாம். அந்தப் பெண்ணே சுரண்டிவிட்டிருந்தார். "சுவர்ல பாதி பூச்சும் சேந்து வந்துடுச்சு. அவ்வளவு கோவம்," என்றார் அக்கா.

கதை இங்கே முடிந்திருந்தால் அவரைக் கெட்டிக்காரர் என்று மட்டும் சொல்லியிருப்பேன். அடுத்து நடந்ததுதான் என்னை அவர் பக்கம் முழுதாகச் சாய்த்தது.

லைனை நிறுத்தும் தேதி குறிக்கப்பட்டுவிட்டது. காற்று குறைந்த பருவத்தில் இருபத்தொரு நாள். நூற்று இருபது ஆட்கள், கிரேன்கள், எல்லாம் ஏற்பாடு. இன்னும் எட்டு நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர். தமாஷான மனிதர். மனைவியின் அளவை நோட்டுகளைப் படிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. எண்களுக்கு நடுவே அக்கா தேன்கூட்டையும் நாயையும் வம்பு செய்தவர்களையும் எழுதி வைப்பார். பேப்பரைவிட இது சுவாரசியம் என்பார். அன்றும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"'ஸ்பான் இருநூற்று முப்பத்தொன்று. பள்ளி விட்டுப் பிள்ளைகள் கம்பிக்கு அடியில் ஓடின. ஐந்து நிமிடம் நிறுத்தினேன். நேரம் மூன்று பத்து.'" நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, எந்த ஸ்கூல் மூணு பத்துக்கு விடுது? சொல்லு, நான் அங்க போய் வண்டி ஓட்டறேன்."

அக்கா சிரிக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்தார்.

"என்னங்க, அந்த நோட்ட இங்க குடுங்க."

நேரத்தை அவர் எப்போதும் கருவியின் திரையைப் பார்த்துத்தான் எழுதுவார். அந்த ஸ்பானுக்கு முந்தின நாள் கருவியின் பேட்டரி மாற்றியது அவருக்கு நினைவு வந்தது. மாற்றினால் கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டும். திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து தலைமை ஆசிரியையிடம் கேட்டார். நாலு மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் மணி அடிக்கும் என்றார் அவர். கருவி ஒரு மணி நேரம் பின்னால் ஓடியிருக்கிறது. மறுபடி பேட்டரி மாற்றும் வரை மூன்று நாள், பதினைந்து ஸ்பான்கள்.

ஒரு மணி நேரம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். முழு லைனையும் அளந்தபோது ஒவ்வொரு முறையும் போன் செய்யாமல், நோட்டில் இருந்த நேரத்தை வைத்துக் கட்டுப்பாட்டு அறைப் பதிவிலிருந்து மின்சார அளவைப் பிறகு எடுத்திருந்தார்கள். மூன்று மணிக்கு லைனில் மின்சாரம் அதிகம். நாலு மணிக்குக் குறைந்துவிடும். கம்பி கொதித்துக்கொண்டிருந்தபோது அளந்ததாகக் கணக்கு சொன்னது. உண்மையில் அது ஆறிக்கொண்டிருந்தது. அப்படியானால் முழுச் சூட்டில் அந்தக் கம்பிகள் நாங்கள் நினைத்ததைவிடத் தாழ்வாக இறங்கும்.

வீட்டில் அன்று நடந்த பேச்சை அவர் கணவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கூடவே இருந்த நாத்தனார், "அளந்தாச்சு, குடுத்தாச்சு, கையெழுத்தும் ஆயாச்சு. இப்பப் போய் ஏன் நீயே தலையக் குடுக்கற? யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றாராம்.

"நான் கண்டுபிடிச்சுட்டேனே அண்ணி," என்றாராம் அக்கா.

பெரியவர் அறையில் நானும் இருந்தேன். அக்கா நின்றுகொண்டே சொன்னார். "சார், என் அறிக்கைல பதினஞ்சு ஸ்பான் தப்பா இருக்கலாம். கருவியோட நேரம் சரியான்னு நான் பாக்கல. திரும்ப அளக்கணும்."

பேட்டரியை மாற்றிப் பொத்தானை ஒரு தடவை குறைவாக அழுத்தியவர் நெட்டையர். அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அந்த அறையில் அந்தப் பெயர் வரவே இல்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகம் இறுகிவிட்டது. நூற்று இருபது பேர், கிரேன்கள், மலைமேல் இருக்கிறவர்களுக்குக் கொடுத்த தேதி, எல்லாம் அவர் தலைக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தால் அறைக்குள் வந்திருக்கவே மாட்டேன் என்று எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

"எத்தனை நாள் வேணும்?"

"நாலு நாள் சார்."

"மூணு."

"சரி சார்."

கதவருகே போனவரைப் பெரியவர் மறுபடி கூப்பிட்டார். "ரெண்டாவது ஜீப்பும் எடுத்துக்குங்க."

மூன்று நாளும் நான் கூடப் போனேன். வடிவமைப்புப் பிரிவில் யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். நெட்டையர் முதல் நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் மதியம் அக்கா அவர் தட்டில் தன் பங்கையும் சேர்த்துப் போட்டு, "வெறும் வயித்தோட கோலப் பிடிச்சா கை நடுங்கும். அப்புறம் அதுக்கும் சேத்து நான் பெரியவர்கிட்ட நிக்கணும். சாப்பிடுங்க," என்றார். அவர் குனிந்துகொண்டே சாப்பிட்டார். கண் கலங்கியதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

பதினைந்தில் பதின்மூன்று சரியாகவே இருந்தன. இரண்டு போதவில்லை. ஒன்று ஒரு பழத்தோட்டத்துக்கு மேலே. இன்னொன்று அதே பள்ளிக்கூடத்தின் மைதானத்துக்கு மேலே, இருநூற்று முப்பத்தொன்று. முழுச் சூட்டில் அங்கே கம்பி ஆறரைக்குப் பதிலாக ஆறு மீட்டர் பதினைந்தில் நின்றிருக்கும். முப்பத்தைந்து சென்டிமீட்டரால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று வேறு இடத்தில் பேசலாம். பிள்ளைகள் பந்து எறிந்து விளையாடும் இடத்தில் அப்படிப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

இருபத்தேழு இருபத்தொன்பதானது. தேதி மாறவில்லை. லைன் நின்றது. நாற்பத்தாறு வருடத்தில் அத்தனை நாள் சேர்ந்தாற்போல அது நின்றதே இல்லை. குப்பைமேட்டை வெட்ட மட்டும் ஒன்பது நாள் ஆனது. பதினொரு கோபுரங்களோடு பள்ளிக்கூடக் கோபுரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டை உயர்த்தினார்கள். கோபுரத்தை இடுப்போடு பிரித்து, மேல் பாதியைக் கிரேனில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் புதுத் துண்டைச் சொருகி முடுக்குவதை முதல் முறை பார்த்தபோது நான் நாலடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அக்கா நிழலில் முக்காலியோடு நின்றுகொண்டு, உயர்த்தின ஒவ்வொன்றையும் உடனே அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வகுப்பு ஜன்னலில் குவிந்து கைதட்டினார்கள். இருபதாம் நாள் மாலை லைனில் மின்சாரம் ஏறியது. ஒரு நாள் மிச்சம்.

ஆனால் கம்பியைக் கட்டுவது வேறு, அதில் முழுச் சுமையை ஏற்றிப் பார்ப்பது வேறு. அதற்குக் காற்று வர வேண்டும். ஏழு வாரம் காத்திருந்தோம். ஒரு புதன்கிழமை வந்தது. விடிந்ததிலிருந்தே அலுவலகக் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே பணியில் இருந்தவர் பதினாறு வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். காற்றடிக்கும் நாளில் போனை எடுத்து நிறுத்தச் சொல்லிச் சொல்லியே குரல் கம்மியவர். பத்து மணிக்குப் பழைய வரம்பு நிரம்பியது. அவர் கை தன்னால் போனுக்குப் போனது. எடுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். "பழக்கம் சார்," என்றார்.

பதினொன்று, பன்னிரண்டு. திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்குப் புதிய வரம்பில் தொண்ணூற்றைந்து சதவீதம். எனக்கு உட்கார முடியவில்லை. கணக்கெல்லாம் சரிதான், இருந்தாலும் எங்கோ ஓர் இடத்தில் கம்பி தாழ்ந்து கிளையில் பட்டுவிட்டால்? அக்காவுக்குப் போன் போட்டேன். அன்று அவருக்கு விடுப்பு. பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"இருநூத்து முப்பத்தொன்னுல சார். ஸ்கூல் கிரவுண்டுல."

"லீவு நாள்ல அங்க என்ன பண்றீங்க?"

"என்ன சார் கேள்வி இது? இன்னிக்குத்தானே அது முழுசா தொங்கும். பாக்க வேணாமா?"

"எவ்வளவு இருக்கு?"

"இருங்க, டீச்சரம்மா கோலப் பிடிச்சிருக்காங்க. கொஞ்சம் ஆடறாங்க." ஒரு நிமிடம் காற்றின் இரைச்சல் மட்டும். "ஆறு எழுபத்தாறு. நாம எழுதினது ஆறு எழுபத்திரண்டு. நாலு சென்டிமீட்டர் மேலயே இருக்கு சார். காத்து ஆத்துது போல."

நான் அந்த எண்ணைக் கட்டுப்பாட்டு அறையில் உரக்கச் சொன்னேன். நாற்காலிக்காரர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலை வரை மலைமேல் ஒரு காற்றாலை கூட நிற்கவில்லை. நகரத்தின் நிலக்கரி உலைகளில் ஒன்றைத்தான் அவர் போன் செய்து நிறுத்தச் சொன்னார். அப்போது அவர் குரலில் இருந்த மரியாதையும் குஷியும் எழுத்தில் வராது.

பாராட்டு விழா ஒன்று நடத்தினார்கள். மேடையில் அக்கா பேசியது மூன்றே வாக்கியம். நெட்டையருக்கும் ஓட்டுநருக்கும் நன்றி சொன்னார், பதினைந்து ஸ்பான்களைத் தவறாக அளந்ததைத் தானே சொன்னார், மைக் ரொம்ப உயரத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த நாத்தனார்தான் யாரையும்விட அதிகமாகக் கைதட்டினார்.

அதன் பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. புதுத் திட்டம் எதுவானாலும், வரைகிறவர் ஒரு நாளாவது நிலத்தில் போய் நின்றுவிட்டு வர வேண்டும். யாரும் உத்தரவு போடவில்லை. நான் போனேன், மற்றவர்களும் போக ஆரம்பித்தார்கள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அக்காவுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. இப்போது தெற்கே சூரியப் பலகைகள் பரப்பிய சமவெளியிலிருந்து வரும் லைனில் இருக்கிறார். ஐந்நூற்றுச் சொச்சம் ஸ்பான்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு பறக்கும் கேமரா கேட்டு வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். போன வாரம் பேசினேன். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன்.

"நல்லா வேலை செய்யுது சார். ஒரே நாள்ல அறுபது ஸ்பான் பாத்துடுது. தேனீக்குப் பயப்படறதில்ல, சாப்பாடும் கேக்கறதில்ல."

"அப்ப உங்களுக்கு நடக்கற வேலை மிச்சம்."

"அறுபதுல மூணு மட்டும் நான் நடந்து போய்ப் பாத்துட்டு வரேன். அது சொல்றதும் நான் சொல்றதும் ஒத்துப் போகுதான்னு."

"போகுதா?"

"இதுவரைக்கும் போகுது," என்றார். பின்னால் யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள். பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.